மாவில் யார் கை வைப்பது

மோந்தெசாரோ, இத்தாலி
பிப்ரவரி 18

அன்புள்ள அத்தைக்கு,

யாரினா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் தெரெனிவ்காவில் இப்போது மின்சாரம் எவ்வளவு நேரம் வருகிறது? போன முறை போனில் பேசினோமே, பாதி நேரம் இரண்டு பேரும் அழுதோம், மீதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தினோம். அதற்குக் கடிதமே மேல். ஸெனிக்கின் வண்டியில் பார்சல்களோடு போட்டுவிட்டால் எல்லை தாண்டி நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஊர் உக்ரைன் நட்புக் குழுக்காரர்கள் போன வாரம் "உக்ரைன் மாலை" நடத்தினார்கள். தலைவர் எர்மெத்தேயைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர், எங்களையும் ஒரு மந்தையைப் போலத்தான் அன்பாக ஓட்டுவார். நாங்கள் பீட்ரூட் சூப்பு, நம் போர்ஷ், வைத்திருந்தோம். ஒரு மனிதர் அதன்மேல் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுக்கொண்டு, இப்போதுதான் ருசியே வந்தது என்றார். எங்கள் பெண்களுக்கு முகம் சுண்டிவிட்டது. இருக்க இடம் கொடுத்தவர்களோடு பாலாடைக்கட்டிக்காகச் சண்டை போட முடியுமா? சிரித்து வைத்தோம்.

விஷயம் அதுவல்ல. வருகிற ஜூன் மாதத்தோடு நம் ஊரும் இந்த ஊரும் சகோதர நகரங்களாகி இருபது வருடம் ஆகிறது. அந்த விழாவுக்கு ஓர் உக்ரைன் கல்யாணத்தை மேடையில் நடித்துக் காட்டலாம் என்றார் எர்மெத்தே. உடனே பராஸ்கா எழுந்து, நடிப்பு எதற்கு, என் மகள் விதாவுக்கும் இந்த ஊர் லூக்காவுக்கும் ஜூனில்தானே கல்யாணம், நகராட்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதைச் சதுக்கத்தில் நம் முறைப்படி செய்துவிடலாம் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். பராஸ்காவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர் சர்க்கரை ஆலைக்குப் பின்தெரு. வெகு காலமாக இங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள்.

கல்யாணம் என்றால் கொரோவாய் வேண்டுமே. அந்தக் கல்யாண ரொட்டியை யார் செய்வது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ரொட்டி ஆலையில் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். கூட்டம் கலைந்து பாத்திரம் கழுவும்போது பராஸ்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரினா, தப்பா நெனச்சுக்காத. நீ அந்த மாவுல கை வைக்கலாமா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. கட்டியவன் உயிரோடு இருந்து அவனோடு வாழ்கிறவள்தான் கொரோவாய் மாவைத் தொடலாம். விதவை தொட்டால் அவள் கதி மணப்பெண்ணுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பராஸ்காவே புருஷன் விட்டுவிட்டுப் போனவள். தன் மகளுடைய ரொட்டியை அவளே தொட முடியாது, சமையலறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

ஓஸ்தாப் போர்முனையில் காணாமல் போனது செப்டம்பரில். ராணுவத்திலிருந்து வந்த காகிதத்தில் காணவில்லை என்றுதான் இருக்கிறது, அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் நான் இன்னும் பெண்டாட்டியா, வேறு ஏதாவதா? பராஸ்காவிடம், அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டுவிட்டேன். அவர் உங்கள் மகன். நீங்களே சொல்லுங்கள், நான் பிசையலாமா?

உங்கள் மருமகள்,
யாரினா


தெரெனிவ்கா
மார்ச் 10

யாரினாவுக்கு,

தெக்லாவின் ஆசிகள். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. மின்சாரம் தனக்குத் தோன்றும்போது வருகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா இல்லையா? போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. பாலாடைக்கட்டி போட்டாவது போர்ஷைக் குடித்துத் தொலை.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பராஸ்கா யார் இதைக் கேட்க? பின்தெரு மரியாவின் மகள்தானே அவள்? அவள் அம்மாவும் இப்படித்தான், அடுத்த வீட்டுப் பானைக்குள் மூக்கை நுழைக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

நான் சொல்கிறேன் கேள். பஸ் நிலையத்தில் எத்தனை வருடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். எந்த வண்டி வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பனியில் அரைநாள் தாமதமான வண்டி உண்டு. ஜனங்கள் என் ஜன்னலைத் தட்டி, "ரத்துன்னாவது சொல்லும்மா, வீட்டுக்குப் போறோம்" என்று கெஞ்சுவார்கள். தாமதமான வண்டியை ரத்து என்று நான் ஒரு நாளும் அறிவித்ததில்லை. என் மகன் தாமதம். அவ்வளவுதான்.

நீ அவன் பெண்டாட்டி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பிசை. எவளாவது கேட்டால், என் மாமியார் சொன்னாள், போய் அவளைக் கேள் என்று சொல். ஸெனிக்கின் வண்டியில் ஏறி இங்கே வந்து கேட்கட்டும்.

நான்தான் தொடக் கூடாதவள். உன் மாமனார் போனதிலிருந்து எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டிலேயே, என் அடுப்பங்கரையிலிருந்தே என்னை வெளியே அனுப்பினார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை, முறை என்றால் முறை. நீ வாழ்கிற பெண், உனக்கென்ன?

அடுப்பைக் கூட்டிச் சுத்தம் செய்யச் சுருட்டை முடிக்காரன் ஒருவன் வேண்டும், மறந்துவிடாதே. லூக்காவின் சொந்தத்தில் தேடிப் பார். வழுக்கையன் ஆகாது. உங்கள் எர்மெத்தேயைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று போட்டோவிலேயே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. மாவட்டத் தலைநகருக்குக் கூப்பிட்டு, மரபணுச் சோதனைக்கு என்று மறுபடி என் எச்சிலை எடுத்தார்கள். கண்டெடுக்கிற உடல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். முதலில் எடுத்தது கெட்டுப்போய்விட்டதாம். கொடுத்தேன். அந்தக் கூட்டத்தில் இவன் இல்லை என்று தெரிந்துகொண்டு பேரை அடித்துவிடட்டும் என்றுதான் கொடுத்தேன்.

கசகசா ஒரு பை வைத்திருக்கிறேன். ஸெனிக் பையைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு எழுது.

தெக்லா


மோந்தெசாரோ
மார்ச் 31

அன்புள்ள அத்தைக்கு,

கசகசா வந்து சேர்ந்தது, பை பிரிக்கப்படவில்லை. நான் நலம். கழுத்தெலும்பின்மேல் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன், நம்புங்கள். நீங்கள் வெயில் வந்துவிட்டதென்று அதற்குள் சால்வையைக் கழற்றிவிட வேண்டாம்.

உங்கள் பதிலைப் பராஸ்காவிடம் சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பெற்றவளே சொல்லிவிட்டால் எனக்கென்ன வந்தது என்றாள். முகம் தெளியவில்லைதான்.

போன சனிக்கிழமை கோயில் கூடத்துச் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். கல்யாணமான பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். பராஸ்கா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எர்மெத்தே உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். ஆண்கள் வரக் கூடாது என்று விரட்டினோம், அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார். விழா நிகழ்ச்சி நிரலில் எங்கள் ரொட்டி ஊர்வலத்தை மேயர் உரைக்கும் அக்கார்டியன் வாசிப்புக்கும் நடுவில் போட்டிருக்கிறார், அதற்கு இத்தனை நிமிடம் என்று வேறு.

மாவு நன்றாகப் பொங்கியது. ஒத்திகை ரொட்டியைத் தேவாலயப் பாடகர்கள் வெட்டி ஒரே மூச்சில் தின்று தீர்த்துவிட்டார்கள். லூக்காவின் சித்தப்பா ஒருவருக்குச் சுருட்டை முடி, ஆனால் சாயம் போட்டது. அது செல்லுமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

அத்தை, ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரிலிருந்து இங்கே யாரும் என்னிடம் ஓஸ்தாப் பேரை எடுப்பதில்லை. நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். என்மேல் இரக்கம் என்று தெரியும், ஆனாலும் மூச்சு முட்டும். அன்றைக்கு மாவில் கை வைத்தபோது பக்கத்தில் நின்றவள், "ஓஸ்தாப் வந்தா ஒன்னை இந்தக் குண்டு கன்னத்தோட அடையாளம் தெரியுமாடி?" என்று கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

சோதனைக்குக் கொடுத்தீர்களே, ஏதாவது தகவல் உண்டா?

யாரினா


தெரெனிவ்கா
மே 9

யாரினாவுக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் போட நேரம் வாய்க்கவில்லை. உருளைக்கிழங்கு நட்டோம், ஈஸ்டர் வந்தது, போயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமாக இரு.

கல்யாண ரொட்டியைப் பற்றி யோசித்தேன். அவ்வளவு பெரிய ரொட்டிக்கு மாவு பிசைவது லேசான வேலையில்லை. உனக்கு முதுகு வலி வேறு. மற்ற பெண்கள் பிசையட்டும், நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?

இந்த வருடம் செர்ரி நன்றாகப் பூத்திருக்கிறது. உறைபனி விழாமல் இருந்தால் காய்க்கும்.

தெக்லா


மோந்தெசாரோ
மே 19

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமென்று எழுதியிருக்கிறீர்கள், எழுத்து அப்படிச் சொல்லவில்லை. பேனா சரியில்லையா, கண் சரியில்லையா? கண்ணாடியை மாற்றுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

எனக்கு ஏது முதுகு வலி? மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள் நான், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மார்ச்சில் கையைக் கழுவிக்கொண்டு பிசை என்றீர்கள். மே மாதம் பக்கத்தில் நில் என்கிறீர்கள். நடுவில் யார் உங்கள் காதைக் கடித்தது? பக்கத்து வீட்டுக்காரியா? பாதிரியாரா? யாராக இருந்தாலும் அவர்களுக்கு இதில் வேலையில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது நான் பின்வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? முதுகு வலி என்று சொன்னால் இங்கே ஒருத்தியும் நம்பமாட்டாள். எல்லாரும் ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் வீட்டுக்குச் சூப்பு எடுத்து வருவார்கள். எனக்கு அந்தச் சூப்பு வேண்டாம். நான் மாவில் கை வைக்கிற வரைக்கும் ஓஸ்தாப் இருக்கிறார், கையை எடுத்தால் இல்லை. ஊர்க் கண்ணுக்கு அவ்வளவுதான் கணக்கு. அதனால் நான் கையை எடுக்கப்போவதில்லை.

நீங்கள் சொல்லித்தான் தொடங்கினேன். இனிமேல் நீங்களே தடுத்தாலும் நிறுத்தமாட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஜூன் 15, முந்தின நாள் பிசைகிறோம். எர்மெத்தே நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதில் ரொட்டி செய்தவர் என்று என் பேர் இருக்கிறது.

செர்ரி காய்த்தால் ஜாம் போட்டு வையுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

யாரினா


தெரெனிவ்கா
மே 26

யாரினாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். சுகமாக இரு.

சரி. நீ சொல்வதுதான் சரி. பிசை.

தெக்லா


தெரெனிவ்கா
மே 26

பராஸ்காவுக்கு,

மரியாவின் மகள் நலமா? நான் பஸ் நிலையத்துத் தெக்லா, யாரினாவின் மாமியார். நாம் இரண்டு பேரும் நேரில் பேசியதாக எனக்கு நினைவில்லை. உன்னைப் பற்றி ஒரு கடிதத்தில் கொஞ்சம் வாய்க்கு வந்தபடி எழுதினேன், யாரினா சொல்லியிருக்கமாட்டாள், அவள் நல்ல பெண். இந்தக் கடிதத்தைத் தனி உறையில் போட்டிருக்கிறேன். ஸெனிக்கிடம் உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி.

ஏப்ரல் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மரபணு பொருந்திவிட்டது. என் மகன் செப்டம்பரிலேயே போய்விட்டான். நாம் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு அவன் வருவானா என்று பேசிக்கொண்டிருந்தபோது அவன் எப்போதோ போயிருந்தான். அந்த அதிகாரி நல்ல மாதிரிதான், தண்ணீர் கொடுத்தான். மனைவி வந்து கையெழுத்துப் போட்டால்தான் உடலைத் தருவார்கள். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். நம் ஊர் வந்தும் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். ஓட்டுநர் என்னிடம் வேலை பழகியவன். ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

அவளுக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு தாளையும் அடுப்பில் போட்டேன். கடைசியில் முதுகு வலி என்று ஏதோ உளறி எழுதினேன். அதற்கு அவள் போட்ட பதிலை நீ பார்க்க வேண்டும். நான் மாவில் கை வைக்கிற வரைக்கும் ஓஸ்தாப் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்த பிறகு, இல்லையடி, அவன் இல்லை என்று எந்தக் கையால் எழுதுவேன்? பிசை என்று எழுதிவிட்டேன். இன்றைய வண்டியிலேயே அதுவும் வருகிறது.

ஆனால் உன் மகள் இருக்கிறாளே. அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் கல்யாண ரொட்டியில் ஒரு விதவையின் கை படப்போகிறது, அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்றால் நான் மனுஷியே இல்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன். உன் மனசு ஒப்பவில்லை என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தடுத்துவிடு. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, உன் இடத்தில் நான் இருந்தால் தடுக்கத்தான் செய்வேன். தடுக்காமல் விட்டாலும் விடு. மகள் உன் மகள், நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. கல்யாணம் முடிந்ததும் அவளை இங்கே வரவழைத்து நானே நேரில் சொல்கிறேன்.

உனக்கும் உன் மகளுக்கும் கடவுள் துணை இருக்கட்டும்.

தெக்லா


மோந்தெசாரோ
ஜூன் 5

மதிப்பிற்குரிய தெக்லாம்மாவுக்கு,

பராஸ்கா எழுதுகிறேன். உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத வருகிறது, இந்த நேரத்தில் அதை எழுதி என்ன ஆகப்போகிறது?

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நான் பார்த்துக்கொள்கிற பெரியவர் வெளியே நின்று, வயிற்றுக் கோளாறா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்.

முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. மறைக்கிறவர்கள் முழுசாக மறைத்திருக்கலாமே, என் தலையில் ஏன் கட்டினீர்கள் என்று நினைத்தேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்குப் பத்து வயது ஆகும்வரை நான் இங்கே வேறு வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் போட்டோவில் பார்த்து வளர்ந்தாள். அவள் கல்யாணத்திலாவது ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்தேன். தப்பா? முதல் நாள் யாரினாவிடம் அப்படிக் கேட்டதும் அதனால்தான்.

இரண்டு நாள் சாக்குத் தேடினேன். அடுப்பு பழுது என்று சொல்லலாமா, கடையில் ரொட்டி வாங்கிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு எனக்கு என் கல்யாண ரொட்டி ஞாபகம் வந்தது. பிசைந்தவர்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வாழ்கிற பெண்கள், என் அம்மா ஊரெல்லாம் அலைந்து பொறுக்கி எடுத்தாள். ரொட்டியில் ஒரு விரிசல் விழவில்லை. அவன் ஆறாம் வருடம் இன்னொருத்தியோடு போனான்.

அதற்காக எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் நேற்று யாரினா சர்க்கரைப் பாகைக் கிண்டிக்கொண்டே விதாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், புருஷன் கோபமாக இருந்தால் முதலில் சாப்பாடு போடு, அப்புறம் சண்டை போடு, ஓஸ்தாப்பிடம் அதுதான் பலிக்கும் என்று. அவளைப் பார்த்து, நீ வெளியே நில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த நிமிடமே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் அவள் புருஷனைச் சாகடித்த மாதிரி ஆகிவிடும்.

அவள் பிசையட்டும். விதாவிடம் நான் சொல்லவில்லை. கடவுளிடம் சொல்லிவிட்டேன், ஏதாவது கணக்குத் தீர்க்க வேண்டுமென்றால் என்னிடம் தீர்த்துக்கொள்ளட்டும்.

என் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தெரியும். யாரினா கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனபோது படித்துவிட்டேன். நீங்கள் எழுதியது சரிதான், நாங்கள் அந்த ரகம்.

பராஸ்கா


மோந்தெசாரோ
ஜூன் 16

அன்புள்ள அத்தைக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மேயர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அக்கார்டியன்காரர் பொறுக்க முடியாமல் நடுவிலேயே தொடங்கிவிட்டார். விதா பூத்தையல் போட்ட சட்டையில் அழகாக இருந்தாள். லூக்கா உப்பையும் ரொட்டியையும் வாங்கும்போது உப்புக் கிண்ணத்தைக் கீழே போட்டான். நம் பெண்கள் அபசகுனம் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்பை எடுத்துத் தோளுக்குப் பின்னால் வீசிச் சிரித்தார்கள். அவர்கள் முறையாம் அது. கொரோவாய் பெரிதாக, பொன்னிறமாக வந்தது. விரிசல் இல்லை.

அதை நான் பிசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் தலையில் துணி கட்டிக்கொண்டு கை கழுவினோம். மாவு கொட்டியாயிற்று, நடுவில் குழி பறித்து முட்டையும் ஊற்றியாயிற்று. முதல் கை என் கை. சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். விதா ஓடி வந்து கதவருகில் நின்று, "யாரினாக்கா, நல்லா பெசைங்க, எனக்கு ஒங்களைப்போல வாழணும்" என்றாள். நான் நின்றேன். கை இறங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற பராஸ்கா, உள்ளே காலெடுத்து வைக்காமல் தலையை மட்டும் நீட்டி, "வை கண்ணு, ஒன்னும் ஆவாது. நீ வை" என்றாள். பராஸ்கா என்னை ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அவள் குரலிலேயே இருந்தது எல்லாம்.

நான் தலைத்துணியை அவிழ்த்து அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "நானும் ஒங்ககூட நிக்கிறேன்க்கா" என்றேன். பராஸ்கா நகர்ந்து இடம் விட்டாள்.  உள்ளே யாரோ பாட்டைத் தொடங்கினார்கள், பிசைய ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு மே மாதமே தெரியும் அத்தை. முதுகு வலி என்று படித்தபோதே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்குவதற்குத்தான் அவ்வளவு நீளமாகச் சண்டை போட்டு எழுதினேன். நீங்கள் பதிலுக்கு நாலு திட்டு திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "சரி, நீ சொல்வதுதான் சரி" என்று எழுதினீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? அதோடு மிச்சமிருந்ததும் போயிற்று.

இருந்தாலும் பிசைந்துவிடுவது என்றுதான் இருந்தேன். யாரும் எனக்கு வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் நான் பெண்டாட்டிதான், இன்னும் ஒரு நாள் அவரோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். விதா வந்து நின்றதும் முடியவில்லை. என்னைப்போல அவள் வாழ வேண்டாம்.

விழாவில் எர்மெத்தே, ரொட்டி செய்த யாரினாவுக்கு நன்றி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அச்சடித்த தாளில் அப்படித்தானே இருக்கிறது. எழுந்து தலை வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். சதுக்கம் முழுக்கக் கை தட்டினார்கள். பராஸ்கா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தவள் விழா முடியும்வரை விடவில்லை. இன்று காலை சூப்பு வந்துவிட்டது, மூன்று வீட்டிலிருந்து.

இந்தக் கடிதம் இன்றைய வண்டியில் போகிறது. அடுத்த வண்டியில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன். நான் கிளம்புவதற்குள் எனக்கு எழுதிவிடுங்கள். ஓஸ்தாப் எங்கே இருக்கிறார்? நேரில் வந்து கேட்க என்னால் முடியாது.

யாரினா


தெரெனிவ்கா
ஜூன் 20

யாரினா கண்ணு,

இந்த முறை நான் உன் உடம்பை விசாரிக்கப்போவதில்லை, நீயும் என் முழங்காலைக் கேட்காதே.

அவன் மாவட்டத் தலைநகரில், பெரிய ஆஸ்பத்திரியின் சவக்கிடங்கில் இருக்கிறான். பார்க்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நான் பார்க்கவில்லை. நீயும் கேட்டுக்கொள், அடம் பிடிக்காதே. அவன் கழுத்தில் நீ போட்ட சிலுவையைத் தனியாகக் கவரில் வைத்திருக்கிறார்கள். உன் கையெழுத்துக்குக் கொடுப்பார்கள். என்னிடம் கொடுக்கவில்லை, சட்டம் அப்படியாம். முதலில் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது இல்லை. அது உனக்குத்தான் வர வேண்டும்.

நான் உன்னிடம் மறைத்தேன், நீ என்னிடம் மறைத்தாய். யாரும் யாரையும் திட்டப்போவதில்லை. நீ அந்தச் சமையலறையிலிருந்து வெளியே வந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவன் உன்னைக் கூட்டிவந்த அன்று, இந்த ஒல்லிக்குச்சி என்ன செய்வாள் என்று நான் சொன்னேன். அவனிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

கறுப்புத் துணி வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கிறது. எல்லையில் காத்திருக்கும்போது தூங்கு, ஸெனிக் எழுப்பிவிடுவான். நிறுத்தத்துக்கு நான் வருவேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் அது எனக்கு வந்து சேராது.

அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ரொட்டி போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் தாங்கள் செய்து தருவதாக வந்து நின்றார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த மாவில் யார் கை வைக்கலாம், யார் கூடாது என்று ஒரு முறையும் கிடையாது. மாவு வாங்கி வைத்திருக்கிறேன். நீ வா, நாம் இரண்டு பேரும் பிசைவோம்.

உன் அத்தை,
தெக்லா